ஒரே தொட்டி, பல குழாய்கள்

ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருக் குழாய்களுக்கு நீர் செல்வதை நாம் யாவரும் அறிவோம். குழாய்க்கொரு கிணறு தோண்டுவார் எவருமில்லை. ஆனால் அலுவலகங்களில் மேசைக்கு மேசை நாம் வைத்திருக்கும் கணிப்பொறிகள் அத்தகைய தனிக் கிணறுகளே. ஒவ்வொன்றிலும் கோப்புகள் வேறு, பழுது வேறு, காவலும் வேறு.

இதற்கு மாற்றாக அமைந்ததே 'தின் கிளையண்ட்' முறை. மேசைமீது திரையும், விசைப்பலகையும், முனையம் எனப்படும் ஒரு சிறு பெட்டியும் மட்டும் இருக்கும். விசையை அழுத்தினால் அச்செய்தி கம்பி வழியே தனியறையிலுள்ள சர்வருக்குச் செல்லும். வேலை முழுவதும் அங்கே நடைபெற்று, விளைவு மட்டும் திரைக்குத் திரும்பும். மேசைப் பெட்டியைக் கள்வன் தூக்கிச் சென்றாலும், முதியோர் உதவித்தொகை பெறுவோரின் விவரம் ஒன்றுகூட அவன் கைக்கு எட்டாது. சாதாரணக் கணிப்பொறிக்கு 50 முதல் 100 வாட் வரை மின்சாரம் செலவாகுமிடத்து, இதற்குப் பெரும்பாலும் 10 முதல் 15 வாட் போதும். பலவற்றில் விசிறியும் இராது. ஆதலின் நம் ஊர்ப் புழுதியை ஓரளவு தாங்கும். 1999இல் தோன்றிய எல்.டி.எஸ்.பி. என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு, கழித்துவிட்ட பழைய கணிப்பொறிகளையும் முனையங்களாக்கலாம்.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்திலுள்ள லார்கோ என்னும் நகராட்சி இம்முறையைக் கையாண்டது. 2001ஆம் ஆண்டளவில் அங்கு சுமார் 800 ஊழியர்கள் ஏறத்தாழ 400 முனையங்களில் பணியாற்றினர். எந்த முனையத்தில் அமர்ந்து கடவுச்சொல்லை இட்டாலும் அவரவர் கோப்புகளே எதிரே தோன்றுமாதலின், ஆளுக்கொரு பெட்டி வேண்டியிருக்கவில்லை.

காப்பு விஷயத்தில் சற்று நிற்போம். 2017 மே மாதத்தில் 'வான்னாகிரை' என்னும் தீய நிரல் பல நாடுகளில் கணிப்பொறிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகள் திருப்பியனுப்பப்பட்டனர். அதனைத் தடுக்கும் திருத்தம் மார்ச் மாதமே வெளிவந்திருந்தது; ஆனால் எண்ணற்ற இயந்திரங்களில் அது இடப்படவில்லை. நூறு பெட்டிகளில் செய்யவேண்டிய திருத்தத்தைச் சர்வர் ஒன்றில் செய்துவிடுவது எளிதன்றோ!

எனினும், தொட்டியில் நஞ்சு கலந்தால் எல்லாக் குழாயிலும் நஞ்சே வரும். தொட்டி வெடித்தால் ஊருக்கே நீரில்லை. விற்பனைக்கு வருவோர் இதனைச் சொல்வது அரிது. ஆகவே சர்வருக்கு யு.பி.எஸ். வேண்டும், மாற்றுச் சர்வரும் வேண்டும். கோப்புகளின் நகலை நாள்தோறும் எடுத்து, இணைப்பைத் துண்டித்து, வேறொரு கட்டடத்தில் பூட்டி வைத்தல் வேண்டும். அந்நகலிலிருந்து கோப்புகள் மீள்கின்றனவா என்று அவ்வப்போது சோதித்தலும் இன்றியமையாதது.

ஓரிரு கணிப்பொறிகளே உள்ள சிற்றூராட்சிக்கு இவ்வேற்பாடு வீண்செலவு. பத்துப் பதினைந்து இருக்கைகள் கொண்ட ஒன்றிய அலுவலகங்களே இதனைக் கணக்கிட்டுப் பார்க்கத் தக்கவை. அக்கணக்கில் பெட்டிகளின் விலையோடு, சர்வர், கம்பி இணைப்பு, மென்பொருள் உரிமம், பராமரிப்பாளர் ஊதியம் ஆகியவற்றையும் ஐந்தாண்டுகளுக்குச் சேர்த்தே மன்றத்தின்முன் வைத்தல் வேண்டும்.