வெட்டுக்குத் தாறன்

ஒரு காலத்தில் முல்லைத்தீவில், ஒட்டுசுட்டான் பக்கத்துக் கடைகளில் கடன் பேச்சு "வெட்டுக்குத் தாறன்" என்ற சொல்லோடு முடிந்துவிடும். கடைக்காரர் கொப்பியில் தொகையை எழுதுவார், திகதி எழுதமாட்டார். வெட்டு என்றால் காலபோக நெல் வெட்டு. ஐப்பசியில் விதைத்தவர் தையிலோ மாசியிலோ வெட்டுவார். மழை பிந்தினால் வெட்டும் பிந்தும், கடனும் பிந்தும். கடைக்காரருக்கும் வயல் இருந்ததால் அது அவருக்கு விளங்கும். கடற்கரையிலும் இதே வழக்கம்தான். வாடைக்காற்று நாளில் கள்ளப்பாட்டிலோ கொக்கிளாயிலோ வள்ளம் இறக்க ஏலாது. கரைவலைக் காலம் வரட்டும் என்று கடன் தந்த சம்மாட்டி பொறுத்திருப்பார்.

அதைப் பொற்காலம் என்று நான் எழுதமாட்டேன். கடன் தந்த முதலாளிக்கே நெல்லைக் கொடுக்கவேண்டி வரும், விலையையும் அவரே சொல்லுவார். தந்த அவகாசத்தின் கூலியை அவர் அந்த விலையில் எடுத்துக்கொள்வார். ஆனாலும் பயிர் பச்சையாய் நிற்கையில் காசு கேட்டு யாரும் படலையடிக்கு வரவில்லை.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது எல்லாம் போயிற்று. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. ஊர் திரும்பிய பெண்களில் பலரிடம், அதிலும் தனியாகக் குடும்பம் சுமந்தவர்களிடம், வங்கியில் காட்டக் காணி உறுதி இல்லை, அடகு வைக்க நகையும் இல்லை. அப்போது எதையும் கேட்காமல் வீடு தேடி வந்தது நுண்கடன். சில பெண்களைச் சேர்த்து ஒரு குழு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும். கிழமைக்கு ஒரு நாள், குறித்த நேரத்துக்குக் காசு.

"தம்பி, நெல் இன்னும் கதிரிலதான் நிக்குது. வெட்டுக்குத் தாறன்."

"அக்கா, இண்டைக்குக் கட்டவேணும். நான் போய் என்னெண்டு சொல்லுறது?"

தவணைக் காசு வாங்க வரும் அந்தப் பெடியனிடமும் கணக்குக் கேட்க மேலே ஒருவர் இருக்கிறார். அதனால் இருட்டும் வரைக்கும் படலையடியிலேயே நிற்பான். குழுவில் இருக்கும் மச்சாளே முகம் கொடுக்கமாட்டாள். அந்தக் கிழமையைக் கடத்த அக்கா இன்னொரு நிறுவனத்தில் கடன் எடுப்பாள், அதைக் கட்ட மூன்றாவது. மூன்றரை மாத நெல்லை விதைத்தவளிடமும், கோழிக்குஞ்சு வாங்கி முட்டைக்குக் காத்திருப்பவளிடமும் அடுத்த கிழமையே முதல் தவணையைக் கேட்டால் அவள் எதை விற்றுக் கட்டுவாள்? வட்டி கொடியதுதான். ஆனால் நித்திரையைப் பறித்தது அந்தக் கிழமைநாள்.

2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, ஆண்டு வட்டி 220 சதவீதம் வரை போன கடன்களைச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில் அரசாங்கம், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்து நிலுவையில் கிடந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. முல்லைத்தீவும் அவற்றில் ஒன்று. நுண்கடன் வட்டிக்கு 35 சதவீதம் என்று ஓர் எல்லையும் வந்தது. காசு எந்த மாதத்தில் கைக்கு வரும், எந்த மாதத்தில் வராது என்பதை மட்டும் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் கிழமைத் தவணையை உலகுக்குப் பழக்கிய வங்காளதேசத்துக் கிராமீன் வங்கியே அதில் இறுக்கமாய் நிற்கவில்லை. 1998 பெருவெள்ளத்தில் மக்கள் கட்டமுடியாமல் திணறியபின், அது தன் விதிகளைத் திருத்தி, நொடித்தவர்கள் தவணையைச் சிறிதாக்கி நீட்டிக் கட்ட வழிவிட்டது. கொல்கத்தாவில் ஒரு பகுதிப் பெண்களுக்குக் கிழமைத் தவணையும் மற்றவர்களுக்கு மாதத் தவணையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. மாதத் தவணைக்காரர்களில், கடனை எண்ணிக் கவலையும் பதற்றமும் கொண்டதாகச் சொன்னவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதிதான். காசு திரும்பாமல் போகும் என்ற பயத்துக்கும் விடை உண்டு. அதே நகரத்தில் அதற்கு முன் செய்த ஆய்வில், மாதத் தவணையால் கட்டாமல் விட்டவர்கள் கூடவில்லை.

கொல்கத்தாவுக்குப் போகாமலே எங்களுக்கு இது தெரிந்திருக்கவேண்டும். முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் வாய்க்காலுக்கு எப்போது தண்ணி விடுவது என்று ஒவ்வொரு போகமும் கமக்காரரும் அதிகாரிகளும் கூடியிருந்து முடிவெடுக்கிறார்கள். குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்த பிறகே திகதி குறிக்கிறார்கள். குறித்த திகதியை எல்லாரும் மதிக்கிறார்கள், ஏனென்றால் அது குளத்தைப் பார்த்துக் குறித்த திகதி.

கடனுக்கும் அந்த மாதிரித் திகதிதான் வேண்டும். சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களில் இது நடக்கக்கூடியது. அங்கே கடன் கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் ஒரே ஊர் அங்கத்தவர்கள். யாருடைய வயல் அழிந்தது, யாருடைய வள்ளம் கரையில் கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். சங்க நிர்வாகிகளிடம் நான் கேட்பது இதுதான்: அடுத்த காலபோகக் கடனைத் தரும்போது, தவணையை வெட்டு முடிந்து ஒரு மாதம் கழித்துத் தொடங்கும்படி எழுதுங்கள். கையெழுத்து வைக்கப்போகும் அக்காமாரே, வட்டி எவ்வளவு என்று கேட்டபின், முதல் தவணை எந்த மாதம் என்றும் கேளுங்கள்.