கடனும் சபையதிகாரமும்: கர்ட்லண்ட் மார்மன் சமூகத்தின் வழக்குகள் (1834–1838)

ஒரு சமயச் சமூகத்தின் அதிகாரம் எதுவரை செல்லும் என்பதை அதன் கோட்பாட்டு நூல்களைக் காட்டிலும் கடன் வழக்குகள் தெளிவாக உணர்த்துவதுண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கர்ட்லண்ட் என்னும் ஊரில் 1830களில் வாழ்ந்த மார்மன் சமூகத்தைச் சான்றாகக் கொண்டு இதனை நாம் விளக்க முற்படுகிறோம்.

நாணயப் புழக்கம் அருகியிருந்த எல்லைப்புறத்தில் நிலமும் சரக்கும் பெரிதும் கடனுறுதிச் சீட்டின் பேரிலேயே கைமாறின. ஒருவருக்காக வேறு சிலர் பிணை நின்றனர். ஆகவே, ஒருவர் தவணை தவறினால் பலர் நீதிமன்றம் ஏற நேர்ந்தது. சபைக்குள் எழும் பிணக்குகளைத் தீர்க்க 1834 பிப்ரவரியில் பன்னிரு ஆலோசகர்களைக் கொண்ட உயர்மன்றம் நிறுவப்பட்டது. ஆயினும், உடைமை குறித்துத் தீர்ப்பளிக்கும் உரிமை சமய அமைப்புகளுக்கு இல்லை என்றும், உறுப்பினரை விலக்குவதே அவற்றின் எல்லை என்றும் 1835 ஆகஸ்டில் சபை ஏற்ற அறிக்கை வரையறுத்தது. அவ்வறிக்கையைக் கூட்டத்தில் வாசித்தவர் ஆலிவர் கவுடரி.

1836இல் கோயில் அர்ப்பணிக்கப்பட்டபோது சபையின் கடன்சுமை மிகுந்திருந்தது. சபைத் தலைவர்கள் தொடங்கிய வங்கிக்கு மாநிலச் சட்டமன்றம் உரிமம் தரவில்லை. எனினும் 1837 ஜனவரியில் அது பணத்தாள்களை வெளியிட்டது. அவ்வாண்டின் நாடளாவிய நிதி நெருக்கடி அதன் வீழ்ச்சியை விரைவுபடுத்தியது. உரிமமற்ற வங்கித்தொழிலுக்கு 1816ஆம் ஆண்டுச் சட்டம் 1000 டாலர் தண்டம் விதித்திருந்தது. வழக்குத் தொடுப்பவருக்கும் அதில் பங்குண்டு. அச்சட்டத்தின்கீழ் ஜோசப் ஸ்மித், சிட்னி ரிக்டன் ஆகிய இருவருக்கும் 1837 அக்டோபரில் தலா 1000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. 1838 ஜனவரியில் இருவரும் மிசூரி நோக்கி வெளியேறினர். சபையின் அச்சகம் ஷெரிப்பின் ஏலத்தில் விற்கப்பட்டது.

கர்ட்லண்ட் பூசல் மிசூரியிலும் தொடர்ந்தது. அங்குள்ள ஃபார் வெஸ்ட் குடியேற்றத்தின் உயர்மன்றம் 1838 ஏப்ரலில் கவுடரியையே விசாரித்தது. சகோதரர்மீது வீண் வழக்குகளைத் தூண்டினார் என்பது முதற்குற்றச்சாட்டு. இம்மைக் காரியங்களில் சபையதிகாரத்திற்குக் கட்டுப்பட மறுத்தார் என்பது மற்றொன்று. மன்றம் முன்னதை ஏற்றது, பின்னதைத் தள்ளியது, முன்னதோடு வேறு சில குற்றச்சாட்டுகளையும் ஏற்று அவரைச் சபையினின்று நீக்கியது.

இத்தீர்ப்பு நுட்பமாக நோக்கத்தக்கது. உடைமைமீது தனக்கு அதிகாரம் உண்டு என்று மன்றம் கூறவில்லை. ஆனால், உடைமைக்காக நீதிமன்றத்தை நாடச் செய்ததைச் சகோதரத் துரோகமாகக் கருதியது. கடனை வசூலிக்க இயலாத சபை, வழக்காடுதலையே ஒழுக்கக் குற்றமாக்கித் தன் எல்லையை விரித்துக்கொண்டது எனலாம்.