பழைய கணிப்பொறியும் பாடபேதமும்

தோற்றுவாய்

ஏடு பெயர்த்து எழுதியோரின் கைப்பிழையால் நம் இலக்கியங்களில் உருமாறிய சொற்கள் பலவாகும். ஓரெழுத்து மாறினும் பொருள் மாறும். 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியை அச்சேற்றிய டாக்டர் உ.வே. சாமிநாதையர், பல ஏடுகளை ஒப்புநோக்கியே மெய்ப்பாடம் கண்டார். அப்பெருமகனார் இளமையில் அரியலூரில் சடகோபையங்காரிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் தமிழ் பயின்றவர் என்பது பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்தார்க்குப் பெருமை தரும் செய்தியாகும்.

இன்று ஏட்டின் இடத்தைக் கணிப்பொறி பெற்றுள்ளது. அதுவும் எழுத்தைப் பிழைபடப் பெயர்த்தெழுதும் என்பதை எம் துறையின் பழைய கணிப்பொறி எமக்கு உணர்த்தியது. அப்படிப்பினையை மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிகழ்ந்தது என்ன?

கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து முதலிய இசுலாமியத் தமிழ் இலக்கிய வகைகளைச் சார்ந்த பழைய அச்சு நூல்களிலிருந்து சில பகுதிகளை மாணவர்களைக் கொண்டு கணிப்பொறியில் ஏற்றி வந்தோம். கோடை தொடங்கியதும் அக்கணிப்பொறி நண்பகலில் திடீர் திடீரென நின்றது. சில நாள்களில் வேறொரு குறையும் புலப்பட்டது. 'அறம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'அரம்' என்றும், 'வேளை' என்பதற்கு 'வேலை' என்றும் காணப்பட்டன. தட்டச்சு செய்த மாணவரைக் கடிந்துகொண்டோம். அவரோ, தாம் சரியாகவே தட்டியதாகப் பணிவுடன் கூறிவந்தார்.

முன்னரே எடுத்துவைத்திருந்த அச்சுப்படியை ஒப்பிட்டபோது அதில் பிழை இல்லை. மேலும், கோப்பின் சில இடங்களில் ககரம் நிற்க வேண்டிய சொல்லின் நடுவே ஔகாரம் நின்றது. எந்த மாணவரும் இவ்வாறு பிழை செய்யார். பிழை கையினது அன்று, பொறியினது என்று அப்போது தெளிந்தோம்.

ஓரெழுத்து மாறுவது எவ்வாறு?

கணிப்பொறி எழுத்தை எண்ணாகவே அறியும். ஒருங்குறி முறையில் ரகரத்திற்கு 2992, றகரத்திற்கு 2993, லகரத்திற்கு 2994, ளகரத்திற்கு 2995 என எண்கள் அமைந்துள்ளன. இவ்வெண்கள் சுழி, ஒன்று என்னும் இரு குறிகளின் வரிசையாக நினைவகத்தில் பதிகின்றன. 2993இன் கடைசிக் குறி ஒன்று. அது சுழியாகிவிட்டால் 2992 ஆகும். அஃதாவது, றகரம் ரகரமாகும். அவ்வாறே ளகரம் லகரமாகும், னகரம் நகரமாகும், ககரம் ஔகாரமாகும். நாம் கண்ட பிழைகள் யாவும் இவ்வொரே வகையைச் சார்ந்தவை. ஔகாரம் கண்ணில் பட்டுவிடும். ரகரமோ எழுத்துப் பிழைபோல மறைந்து நிற்கும். பின்னதே மிகத் தீங்கானது.

இத்தகைய பிழை உலகிலும் நிகழ்ந்துள்ளது. 2003ஆம் ஆண்டு மே மாதம் பெல்ஜியத்தில் பிரசெல்சைச் சார்ந்த ஸ்கார்பேக் என்னும் பகுதியில் நடந்த தேர்தலில், ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் மிகுதியாகப் பதிவாயின. கிடைக்கக் கூடிய எண்ணிக்கையையே அது மிஞ்சியதால் ஐயம் எழுந்தது. 4096 என்பது இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வரும் எண். நினைவகத்தின் ஒரே ஒரு குறி தானே மாறியதுதான் காரணம் என்று ஆய்ந்தோர் முடிவு கண்டனர்.

வெப்பத்திற்கும் நினைவகத்திற்கும் உள்ள தொடர்பு

நினைவகத்தின் ஒவ்வொரு குறியும் நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் தங்கும் மின்னேற்றமே ஆகும். ஒரு கிகாபைட் நினைவகத்தில் 858 கோடிக்கு மேற்பட்ட மின்தேக்கிகள் உள்ளன. ஓட்டைக் குடத்து நீர்போல மின்னேற்றம் இவற்றினின்று கசிந்துகொண்டே இருக்கும். ஆதலின் 64 மில்லி நொடிக்கு ஒரு முறை, அஃதாவது நொடிக்கு ஏறத்தாழ 15 முறை, அது புதுப்பிக்கப்படுகிறது. வெப்பம் மிகுந்தால் கசிவும் மிகும். நலிந்த மின்தேக்கி, அடுத்த புதுப்பித்தல் வருமுன்னரே தன் குறியை இழந்துவிடும். காலையில் ஒழுங்காக இயங்கும் நினைவகம் நண்பகலில் பிழைபடுவது இதனாலேயாம்.

நம் மாவட்டங்களில் இத்தொல்லை மிகுதி. கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசை நெருங்குகிறது. அறையின் வெப்பம் 28 பாகையிலிருந்து 38 பாகையாக உயர்ந்தால், பெட்டியினுள் இருக்கும் செயலியின் வெப்பமும் ஏறத்தாழ அதே 10 பாகை உயரும். அரியலூர்ப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் அவற்றிற்குக் கல் ஏற்றிச் செல்லும் லாரிகளும் எழுப்பும் புழுதி உண்டு. பெரம்பலூர்ப் பக்கத்திலோ பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் வயல்வெளித் தூசு உண்டு. இவை செயலியின் மேலுள்ள உலோகத் தகடுகளின் இடுக்குகளில் படிந்து, கம்பளி போர்த்தியது போலக் காற்றைத் தடுக்கின்றன.

நோயைப் பிரித்தறிதல்

நோயின் காரணத்தை ஆய்ந்த பின்னரே மருந்து செய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. வெப்பக் கோளாறும் நினைவகக் கோளாறும் வெளியில் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் பொறி நின்றுபோகும். இவற்றைப் பிரித்துக் காட்டுவது காலமே.

இயக்கிய சிறிது நேரம் நன்றாக ஓடிப் பின் நிற்பதும், சற்று ஓய்வு கொடுத்தால் மீண்டும் ஓடுவதும், மின்விசிறியின் இரைச்சல் மிகுவதும், வேலை மந்தமாவதும் வெப்பக் கோளாற்றின் அறிகுறிகள். காலை, மாலை என்னும் வேறுபாடின்றி வெவ்வேறு மென்பொருள்கள் நிற்பதும், நீலத்திரை தோன்றுவதும், இயக்கும்போது திரை இருண்டு 'பீப்' ஒலி மட்டும் வருவதும், படியெடுத்த கோப்புகள் திறவாமையும் நினைவகக் கோளாற்றின் அறிகுறிகள்.

நினைவகத்தை ஆராயும் 'மெம்டெஸ்ட்' என்னும் மென்பொருளைக் கணிப்பொறியின் தொடக்கத்திலேயே இயக்கலாம். அதனைக் காலைக் குளிர்ச்சியில் ஒரு முறையும் நண்பகலில் ஒரு முறையும் ஓட விடுக. இரு வேளையும் பிழை காட்டினால் நினைவகமே பழுது. நண்பகலில் மட்டும் காட்டினால் இரண்டும் சேர்ந்த நோய். ஒரேயொரு பிழையும் பொறுக்கத்தக்கதன்று.

செய்யத்தக்க முறைகள்

முதலாவது, எழுத்தைக் காத்தல். ஐயம் எழுந்தவுடன் அக்கணிப்பொறியில் எந்தக் கோப்பையும் மீண்டும் சேமிக்கலாகாது. பழுதுபட்ட நினைவகத்தின் வழியே எடுக்கும் படியும் பழுதுபடக் கூடும். எனவே வன்தட்டைக் கழற்றி, நலமுள்ள வேறு கணிப்பொறியில் பொருத்திப் படியெடுப்பதே தக்கது.

இரண்டாவது, தூசு நீக்கல். மின்னிணைப்பை முற்றிலும் துண்டித்துப் பெட்டியைத் திறந்தவெளித் தாழ்வாரத்திற்குக் கொண்டுசென்று, மெல்லிய தூரிகையால் தூசைத் துடைக்க வேண்டும். காற்றை ஊதும்போது விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொள்க. மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எவரும் திறத்தலாகாது. இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

மூன்றாவது, செயலிக்கும் உலோகத் தகட்டிற்கும் இடையேயுள்ள வெப்பப் பசை. ஆண்டுகள் பல சென்றால் அது மண்போல் காய்ந்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்ககால் நனைத்த துணியால் அதனைத் துடைத்துவிட்டு, ஒரு நெல்மணி அளவு புதுப்பசை இட்டாலே போதுமானது.

நான்காவது, நினைவகப் பலகை. முதலில் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கிக்கொள்ள வேண்டும். பின் பலகையைக் கழற்றி, பொன்னிற முனைகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துடைத்து, இருபுறக் கொக்கிகளும் 'கிளிக்' என ஒலிக்கும்வரை பொருத்துக. இரு பலகைகள் இருப்பின் ஒவ்வொன்றாகப் பொருத்தி ஆய்க. ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் நோய் எது என்று தெரியாமலே போகும்.

ஐந்தாவது, தாய்ப்பலகையிலுள்ள உருளை வடிவ மின்தேக்கிகளை நோக்குக. அவற்றின் தலை உப்பியிருந்தால் கைதேர்ந்தவரிடம் காட்டுதல் நலம்.

புதுப் பலகை வாங்குவோர் வகையறிந்து வாங்குதல் வேண்டும். டிடிஆர்2, டிடிஆர்3 ஆகிய இரண்டிற்கும் முனைகள் 240 தாம். எனினும் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். பொருந்தாததை அழுத்திப் பொருத்த முயன்றால் தாய்ப்பலகையே கெடும்.

முடிவுரை

எம் கணிப்பொறியில் இரு குறைகளும் இருந்தன. தகட்டின் இடுக்குகள் புழுதியால் அடைபட்டிருந்தன. இரு நினைவகப் பலகைகளுள் ஒன்று நண்பகலில் பிழை காட்டியது. தூசு நீக்கி, பசை இட்டு, அப்பலகையை மாற்றியபின் பொறி நின்றுபோவது நின்றது. புதிய கணிப்பொறி வாங்குவதொன்றே வழி என்று சிலர் உரைத்ததும் பொய்யாயிற்று. மூல நூல்களோடு ஒப்பிட்டு எல்லாப் பக்கங்களையும் மாணவர்களே திருத்தினர். கடிந்துகொண்ட மாணவரிடம் வகுப்பறையிலேயே நம் வருத்தத்தைத் தெரிவித்தோம்.

நின்றுபோகும் கணிப்பொறியால் நேரம் மட்டுமே வீணாகும். நில்லாமல் பிழையாக எழுதும் கணிப்பொறியோ நூலையும் கெடுக்கும், குற்றமற்றோர் மீது பழியையும் ஏற்றும். அன்று ஏட்டுச் சுவடிக்குச் செய்த ஒப்புநோக்கு, இன்று கணிப்பொறிக் கோப்பிற்கும் வேண்டும். மூலப்படி ஒன்றைத் தனியே காத்து, தட்டியதை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை நம் மாணவர்கள் மேற்கொள்வார்களாக.