ஆட்டம் அறியும் கைப்பேசி

முன்னுரை

தமிழில் ‘ஆட்டம்’ என்னும் சொல் அசைவையும் குறிக்கும், விளையாட்டையும் குறிக்கும். ஊஞ்சல் ஆடுகிறது என்கிறோம். சிறுவர் பந்தாடுகின்றனர் என்றும் சொல்கிறோம். உடல் அசைந்தாலன்றி விளையாட்டு இல்லை என்னும் கருத்து இச்சொல்லிலேயே அமைந்துள்ளது. கணிப்பொறி விளையாட்டுகள் தோன்றிய பின்னர் இவ்விரு பொருள்களும் பிரிந்தன. உடல் ஓரிடத்தில் அமர்ந்திருக்க, விரல்கள் மட்டும் பொத்தான்களை அழுத்துவதே ஆட்டமாயிற்று. பிரிந்தவற்றை மீண்டும் சேர்க்க முயன்ற கருவிகளுள் ஒன்று, 2008ஆம் ஆண்டில் வெளிவந்த சோனி எரிக்சன் எஃப்305 என்னும் கைப்பேசி. அதன் சிறப்பியல்புகளையும், அம்முயற்சி வென்ற இடத்தையும், தடைப்பட்ட இடத்தையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றச் சூழல்

விளையாட்டுக்கென்றே கைப்பேசி செய்யும் எண்ணம் அதற்கு முன்பே இருந்தது. 2003இல் நோக்கியா நிறுவனம் என்-கேஜ் என்னும் கருவியை வெளியிட்டது. ஆயினும் அது பொத்தான்களையே நம்பியிருந்தது. 2006 நவம்பரில் ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ, ‘வீ’ என்னும் விளையாட்டுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது நிலைமை மாறியது. கையில் பிடித்த கட்டுப்பாட்டுக் கோலை வீசினால், தொலைக்காட்சித் திரையில் தோன்றும் ஆட்டக்காரரும் மட்டையை வீசுவார். பொத்தான்களின் பயன் அறியாத முதியோரும் எளிதில் விளையாடினர். இதே இன்பத்தைச் சட்டைப்பையில் அடங்கும் கருவியிலும் தர இயலுமா என்னும் வினாவுக்கு விடையாக எழுந்ததே எஃப்305.

கருவியின் அமைப்பு

இது மேற்பகுதியைத் தள்ளித் திறக்கும் வகையைச் சேர்ந்தது. உயர்விலைக் கருவியன்று, மூன்றாம் தலைமுறை இணைப்பு இதில் இல்லை. திரை ஏறத்தாழ 2 அங்குலம். அதில் குறுக்கே 176, நெடுக்கே 220 ஒளிப்புள்ளிகள் இருந்தன. 2 மெகாபிக்சல் ஒளிப்படக்கருவியும், இருவழி ஒலிபெருக்கிகளும், விளையாட்டுக்கென்றே ஒதுக்கிய பொத்தான்களும் அமைந்திருந்தன. இவற்றினும் சிறந்தது உள்ளே பொருத்தப்பட்ட அசைவுணரியும், அதற்கென்றே ஆக்கப்பட்ட மூன்று விளையாட்டுகளும் ஆகும். பந்து உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் ஒன்று. தூண்டில் வீசி மீன்பிடித்தல் மற்றொன்று. குதிரைப் பந்தயம் மூன்றாவது. கைப்பேசியே முதலதில் பந்தாகவும், இரண்டாவதில் தூண்டிற்கோலாகவும் மாறியது.

கருவி உணரும் முறை

கண்ணும் செவியும் இல்லாத கருவி, தன்னை ஒருவர் அசைப்பதை எங்ஙனம் அறிகிறது? கொத்தனார் சுவரின் நேர்மையை அறியத் தூக்குக்குண்டைத் தொங்கவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். சுவர் சாய்ந்தாலும் குண்டின் நூல் செங்குத்தாகவே நிற்கும். அவ்வாறே, ஓடும் பேருந்து திடீரென நின்றால் பயணிகள் முன்னோக்கிச் சாய்கின்றனர். இவ்விரு உண்மைகளையும் ஒரு சிறு சில்லுக்குள் அடக்கியதே முடுக்கமானி. மயிரிழையினும் மெல்லிய சிலிக்கான் விற்களில் ஒரு நுண்ணிய எடை தொங்குகிறது. கைப்பேசி அசையும்போது அவ்வெடை சற்றே இடம்பெயர்கிறது. அதனால் அருகிலுள்ள தகடுகளுக்கிடையே மின்தேக்குதிறன் மாறுகிறது. அம்மாற்றம் எண்களாகக் கணக்கிடப்படுகிறது.

அசையாதிருக்கும் கைப்பேசியிலும் இக்கருவி சும்மா இருப்பதில்லை. புவியீர்ப்பின் அளவான 9.8 என்னும் எண்ணை அது எப்போதும் உணர்ந்துகொண்டே இருக்கும். மேசைமேல் கிடையாக வைத்த கைப்பேசியின் ஒரு முனையை 30 பாகை உயர்த்தினால், அதன் நெடுக்கு அச்சில் 9.8இன் பாதியான 4.9 பதிவாகும். இவ்வெண்ணைக் கொண்டே சாய்வின் அளவு அறியப்படுகிறது. ஆனால் கைப்பேசியை மேசைமேல் படுத்த நிலையிலேயே மெல்லத் திருப்பினால் ஈர்ப்பின் திசை மாறுவதில்லை. ஆகவே முடுக்கமானி அத்திருப்பத்தை அறியாது. இது அக்கருவியின் இயல்பான வரம்பு.

இரு பெருந்தடைகள்

முதல் தடை திரையைப் பற்றியது. வீ விளையாட்டில் கோல் கையில் இருக்க, திரை எதிரே அசையாது நின்றது. கைப்பேசியிலோ கோலும் திரையும் ஒன்றே. பந்தை உருட்டுவது போலக் கையை வீசும் கணத்தில் திரையும் கண்ணைவிட்டு விலகுகிறது. வீசி முடித்துக் கையை உயர்த்திப் பார்த்தபின்னரே எத்தனை கட்டைகள் வீழ்ந்தன என்பது தெரியும். ஆட்டத்தின் உச்சக் கணத்தை ஆடுபவரே காண இயலாத நிலை இது. பிடி நழுவினால் வீழ்வதும் பொம்மையன்று, கைப்பேசியே. வீயின் கோல் நழுவிப் பறக்காதிருக்க மணிக்கட்டில் கட்டும் கயிறு போதிய வலுவின்றி அறுந்ததால், 2006 டிசம்பரில் ஏறத்தாழ 32 இலட்சம் கயிறுகளை மாற்றித்தர நின்டெண்டோ முன்வந்தது ஈண்டு நினைக்கத்தக்கது.

இரண்டாம் தடை உடலைப் பற்றியது. கைநடுக்கம் உடையோர், தோளை உயர்த்த இயலாதோர், நெரிசல் மிக்க பேருந்தில் நிற்போர் ஆகியோர் கையை வீசி ஆட இயலாது. அசைவே ஒரே வழியாகுமாயின் அவர்களுக்கு ஆட்டத்தின் கதவு அடைபடும். எஃப்305இல் பொத்தான்களால் ஆடும் விளையாட்டுகளும் சேர்க்கப்பட்டிருந்தமை இவ்வகையில் நற்செயலே. ஒரே செயலுக்கு இரு வழிகள் வைத்தல் நல்ல கருவிக்கு இலக்கணம் எனலாம்.

பின்வந்த வளர்ச்சி

முதல் தடைக்கு விடை வேறு திசையிலிருந்து வந்தது. 2007இல் வெளிவந்த ஐபோனிலும் முடுக்கமானி இருந்தது. 2008 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் செயலிக் கடையைத் திறந்தபோது, அதில் விற்கப்பட்ட ‘சூப்பர் மங்கி பால்’ என்னும் ஆட்டம் கருவியை வீசச் சொல்லவில்லை. மெல்லச் சாய்க்கச் சொன்னது. சாய்க்கும்போது திரை கண்ணைவிட்டு அகலுவதில்லை. வீசும் ஆட்டங்கள் மறைய, சாய்க்கும் ஆட்டங்கள் நிலைபெற்றமைக்கு இதுவே முதற்காரணம். 2011இல் வந்து நம் பிள்ளைகளும் விரும்பி ஆடிய ‘டெம்பிள் ரன்’ இவ்வகையினதே. 2010இல் ஐபோன் 4, சுழற்சியை அறியும் ஜைராஸ்கோப்பையும் உடன் கொண்டுவந்தது. முடுக்கமானி அறியாத திருப்பத்தையும் கைப்பேசி அறியலாயிற்று. சோனி எரிக்சன் கூட்டு நிறுவனமோ 2012இல் சோனிக்கே முழுவதும் உரியதாகி அப்பெயரை இழந்தது.

முடிவுரை

எஃப்305 இன்று கடைகளில் இல்லை. ஆனால் அது முதன்மைச் சிறப்பாக விளம்பரப்படுத்திய உணரி, இன்று எளிய திறன்பேசிகளிலும் சொல்லாமலே இடம்பெறுகிறது. திரையைத் திசைக்கேற்பத் திருப்புவதும், நாம் நடந்த அடிகளை எண்ணுவதும் அதன் பணிகளே. அவற்றினும் பெரிய பணியொன்று உண்டு. 2020இல் கூகுள் நிறுவனம், மின்னேற்றத்தில் அசையாது கிடக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் முடுக்கமானிகளைக் கொண்டு நிலநடுக்கத்தின் முதல் அதிர்வை உணரும் ஏற்பாட்டைத் தொடங்கியது. ஓரிடத்தில் பல கைப்பேசிகள் ஒருசேர அதிர்ந்தால், தொலைவில் உள்ளோர்க்குச் சில நொடிகள் முன்னதாக எச்சரிக்கை செல்லும். 2023இல் இந்தியாவிலும் அது நடைமுறைக்கு வந்தது. மேசைக்கு அடியில் ஒதுங்கவும், அடுப்பை அணைக்கவும், குழந்தையை வாரி எடுக்கவும் அச்சில நொடிகள் உதவலாம்.

கையின் ஆட்டத்தை அறிவதற்காகக் கைப்பேசியில் புகுந்த உணரி, எவர் கையிலும் இல்லாமல் கிடக்கும்போது நிலத்தின் ஆட்டத்தை அறிகிறது. விளையாட்டுதானே என்று ஒரு முயற்சியை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.