சூளும் அதன் முறிவும்: கணினி விளையாட்டில் மறை உட்பிரிவுகள்

கணினியில் ஆடப்படும் விளையாட்டுகளுள், ஆடுவோன் ஒரு பாத்திரத்தைத் தனதாக ஏற்று, அதன் சொல்லையும் செயலையும் தானே தேர்ந்து கதையை நடத்திச் செல்லும் வகை ஒன்று உண்டு. அதனைப் பாத்திரமேற்கும் விளையாட்டு என்பர். அதில் வீரன், மந்திரவாதி, கள்வன் என்றாற்போலப் பாத்திரங்கள் வகுப்புகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். வகுப்பு ஒவ்வொன்றும் உட்பிரிவுகள் பலவாக விரியும். அவ்வுட்பிரிவுகளுட் பெரும்பாலன தொடக்கத்திலேயே பட்டியலிற் காணக் கிடைப்பன. சிலவோ பட்டியலில் இல்லாதன. ஆட்டத்தினிடையே குறித்த ஒரு செயலைச் செய்தார்க்கே வெளிப்படுவன. அவற்றை மறை உட்பிரிவுகள் என வழங்குவோம். பட்டியலில் இல்லாத ஒன்றை ஆடுவோன் ‘தேர்ந்தெடுத்தான்’ என்று கூறுதல் பொருந்துமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது. கதைக்கலை பற்றி எழுதப் புகும் மாணவர் ‘தேர்வு’ என்னும் சொல்லை வரையறையின்றி ஆளுதலைப் பலகாலும் கண்டமையால் இவ்வாராய்ச்சி வேண்டுவதாயிற்று.

இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு, பெல்ஜிய நாட்டு லேரியன் நிறுவனத்தார் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ என்னும் விளையாட்டில் உள்ளது. அதில் பாலடின் என்பது ஒரு வகுப்பு. பாலடின் ஆவான் அறத்தின்பொருட்டுச் சூள் உரைத்து, அச்சூளினின்றே ஆற்றல் பெறும் வீரன். வெளியான காலத்துப் பட்டியலில் இருந்த சூள்கள் மூன்று: பக்திச் சூள், தொன்மையோர் சூள், பழிவாங்கற் சூள். நான்காவது ஒன்று இருந்தும் பட்டியலில் இடம்பெறவில்லை. அதுவே சூள்முறித்தோன் என்னும் உட்பிரிவு. தான் உரைத்த சூளுக்கு மாறாக ஒழுகும் பாலடின் முதலில் தன் சூளின் ஆற்றலை இழக்கிறான். பின்னர் அவனுடைய பாசறையில் கவசம் அணிந்த வீரன் ஒருவன் தோன்றுகிறான். முறிந்த நிலையையே ஏற்றுப் புதிய ஆற்றலைப் பெறலாம், அன்றி ஆயிரம் பொற்காசு ஈந்து பழைய சூளை மீட்கலாம் என்பது அவன் கூறும் வழி.

நாம் முதன்முதல் இதனை ஆடியபோது, கூண்டில் அடைபட்ட துணை ஒருத்தியை மீட்கும் விரைவில், நம்மீது பகைமை காட்டாத காவலர் இருவரைத் தாக்கினோம். சூள் முறிந்தது. சிறைப்பட்டாளை விடுவித்தல் அறமே என்பது நம் எண்ணம். விளையாட்டோ பகையல்லாரைத் தாக்கியமை ஒன்றனையே நோக்கிற்று. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஆயிரம் காசுக்கு எங்கே போவது? கழுவாய் செய்ய விரும்பியும் பொருளின்மையால் முறிந்தவராகவே நெடுந்தொலைவு நடந்தோம். இது நகைப்புக்குரியதாயினும், சிக்கலின் உள்ளீடு இதிலேதான் உள்ளது.

இவ்விதியின் வரலாற்றை நோக்குவோர்க்கு ஒரு மாற்றம் புலனாகும். பாலடின் என்னும் வகுப்பு, 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டுக்கு 1975இல் வந்த இணைப்பு நூலிற் பிறந்தது. கணினியின்றி, நடுவர் ஒருவர் கதை கூற, சூழ இருப்போர் பாத்திரங்களை ஏற்று ஆடுவது அவ்விளையாட்டு. அதன் விரித்த பதிப்பாகிய 1978ஆம் ஆண்டு நூல், பாலடின் அறிந்து ஒழுங்கு பிறழ்ந்தால் உயர்நிலைக் குருவிடம் குற்றம் ஒப்புக்கொண்டு கழுவாய் செய்யலாம் என்றும், அறிந்தும் விரும்பியும் தீமை செய்தால் அந்நிலையை என்றும் மீளாதவாறு இழந்து வெறும் வீரனாவான் என்றும் விதித்தது. ‘அறிந்து’ என்னும் சொல்லே அவ்விதியின் உயிர். அறிந்து செய்தானா, அறியாது செய்தானா என்பதனை மேசையின் எதிரே இருக்கும் நடுவர் கேட்டறிவார். வழக்காடவும் இடம் உண்டு. மேலும், அங்கே வீழ்ச்சி என்பது இழப்பு மட்டுமே. புதிய பதவி அன்று. வீழ்ந்தவனுக்கும் தனி உட்பிரிவு வகுத்துச் சூள்முறித்தோன் எனப் பெயரிட்டது 2014ஆம் ஆண்டு நடுவர் கையேடு. அங்கும் அது தீயோர்க்குரிய பகுதியில், நடுவரின் இசைவுக்கு உட்பட்டே வைக்கப்பட்டது.

கணினியில் நடுவர் இல்லை. பொறி உள்ளத்தைக் காணாது; செயலை மட்டுமே காணும். ஆகவே ‘அறிந்து’ என்னும் அடை கழன்று வீழ்ந்தது. ஆடுவோன் தேர்ந்தது தாக்குதல் என்னும் செயலை, உட்பிரிவையன்று. உட்பிரிவு அவன்மீது வந்து வீழும் தீர்ப்பு. பாசறையில் அவ்வீரன் தோன்றி இரு வழிகளையும் விரித்துரைத்த பின்னரே தேர்வு என்னும் சொல்லுக்கு உரிய முழுப்பொருள் பிறக்கிறது; ஏனெனில் அப்போதுதான் ஆடுவோன் இரண்டனையும் அறிந்து நிற்கிறான். புறநானூற்று 71, 72, 73ஆம் பாடல்களில் வஞ்சினம் கூறும் வேந்தர், சொன்னது தவறின் தமக்கு நேர்வது இன்னதெனத் தாமே வஞ்சினத்துள் அமைத்துக்கொள்வர். இவ்விளையாட்டின் சூளிலோ முறிவின் விளைவு சூளுக்குள் இல்லை, மறைக்கப்பட்டுளது. இரண்டற்கும் தொடர்பு கற்பித்தல் நம் கருத்தன்று; வேற்றுமை தெளிவு தருவதால் குறித்தோம்.

செயலால் வகுப்பு அமைதல் புதிது அன்று. ரிச்சர்ட் காரியட் 1985இல் ஆக்கிய ‘அல்டிமா 4’ தொடக்கத்திலேயே அறவினாக்களை அடுக்கி, ஈர் அறங்களுள் ஒன்றைக் கொள்ளச் செய்து, விடைகளைக்கொண்டே வகுப்பை முடிவு செய்தது. மானத்தை உயர்த்தினோன் பாலடின் ஆவான். பணிவை உயர்த்தினோன் இடையன் ஆவான். இடையன் ஆட்டத்தில் மிக மெலிந்தவன். பணிவுடையார்க்குப் பணிவே கிடைத்தது எனலாம்.

இதற்கு நேர்மாறானது பயோவேர் நிறுவனத்தார் 2009இல் வெளியிட்ட ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’. அதில் குருதி மந்திரவாதி என்னும் சிறப்புப் பிரிவு, பேய் ஒன்றனோடு உடன்படிக்கை செய்வோர்க்குத் திறக்கும். ரீவர் என்னும் பிரிவு, புனிதர் ஒருவரின் சாம்பற் கலத்தை மாசுபடுத்துவோர்க்குக் கிட்டும். இவை கொடிய விலைகளே. ஆயினும் ஒருமுறை திறந்த பிரிவு, பின்னர் ஆடும் பாத்திரங்கள் அனைத்துக்கும் திறந்தே நிற்கும். முன்பு பதிவுசெய்த நிலைக்கு மீண்டு தீச்செயலைச் செய்யாது விடுத்தாலும் பிரிவு கைவிட்டுப் போகாது. செயல் அழிய, பயன் நிற்கிறது. பலரும் இவ்வாறே செய்தனர். செய்தவன் தேர்ந்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவன் கதைக்குள் எதனையும் தேரவில்லை, கதைக்கு வெளியே நின்று பூட்டைத் திறந்தான் என்றே கூறுதல் வேண்டும். இதனை ஆக்கியோர் ஆடுவோர்பால் கொண்ட இரக்கத்தாற் செய்திருத்தல் கூடும். எனினும் பேயோடு செய்த உடன்படிக்கை இதனாற் பொருளற்றுப் போயிற்று என்பதே நம் துணிபு.

பால்டர்ஸ் கேட்டில் சூள்முறித்தோன் ஆவதற்கு ஒவ்வொரு முறையும் புதிதாகவே சூளை முறித்தல் வேண்டும். ஆயினும் வழியறிந்தோர் தொடக்கத்திலேயே எளியோர் ஒருவரைத் தாக்கி அதனைப் பெற்றுவிடுவர். பிடிக்கவில்லையெனிற் பழைய பதிவுக்கு மீள்வர். அன்னார்க்குச் சூள் ஒரு திறவுகோலே. 2023 நவம்பர் இறுதியிற் சேர்க்கப்பட்ட ‘ஹானர்’ முறையில் மட்டும் இதற்கு இடமில்லை. அங்கே பதிவு ஒன்றே, மீளுதல் இயலாது. அறியாது முறித்தவனுக்குக் கொடிதாயினும், ஆயிரம் காசு ஈதலும் முறிவை ஏற்றலும் எடையுள்ள இரு வழிகளாக நிற்பது ஆங்கேதான். 2025 ஏப்ரலில் புதிய உட்பிரிவுகள் பன்னிரண்டு சேர்க்கப்பட்டபோது, பாலடினுக்கு முடிச் சூள் என்பது பட்டியலில் வெளிப்படையாகவே வைக்கப்பட்டது. சூள்முறித்தோனைப் பட்டியலுள் அப்போதும் கொண்டுவரவில்லை.