காகிதத்தை மடித்தால் மைக்ராஸ்கோப்!

சட்டைப் பையில் ஒரு சோதனைச்சாலை
மாணவர் கைக்கு வந்த விஞ்ஞானம்

காகிதத்தை மடித்துக் கப்பல் செய்யலாம். விமானம் செய்து பறக்க விடலாம்.

மைக்ராஸ்கோப் செய்ய முடியுமா?

முடியும்! செய்தே காட்டிவிட்டார்கள்.

இந்தக் காகித மைக்ராஸ்கோப்பின் எடை 10 கிராம் கூட இல்லை. அதைச் செய்யத் தேவையான பொருள்களின் செலவு ஒரு டாலருக்கும் குறைவு. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். மூன்று மாடி உயரத்திலிருந்து விழுந்தாலும், காலால் மிதித்தாலும் அது தாங்கும்.

அதன் பெயர் "போல்டுஸ்கோப்". "போல்டு" என்ற ஆங்கிலச் சொல்லுக்கு "மடிப்பு" என்று பொருள்.

இதை உருவாக்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் மனு பிரகாஷ். இவர் இந்தியாவில் பிறந்தவர். மற்றவர் அவருடைய மாணவர் ஜிம் சிபுல்ஸ்கி. இருவரும் அமெரிக்காவில் உள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தபோது இதை உருவாக்கினார்கள். 2014-ம் ஆண்டில் உலகத்துக்கு அறிவித்தார்கள்.

இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் மாணவர்கள் இதைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

ஒருவருக்கு ஒரு நிமிடம்!

மைக்ராஸ்கோப் என்பது, கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு பொருள்களைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி. பாடப் புத்தகத்தில் இதை "நுண்ணோக்கி" என்று சொல்லுகிறார்கள்.

இதன் விலை அதிகம். உயர்நிலைப் பள்ளிகளில் ஒன்றோ இரண்டோ இருக்கும். உடைந்துவிட்டால் யார் பணம் கட்டுவது? அந்தப் பயத்தினால், பல பள்ளிக்கூடங்களில் அது பீரோவுக்குள்ளேயே தூங்கும்.

சரி, வெளியே எடுத்து வைத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்?

ஒரு வகுப்பில் 40 பேர். பாட நேரம் 40 நிமிடம். மைக்ராஸ்கோப் ஒன்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு நிமிடம்! அந்த ஒரு நிமிடத்தில், எந்தக் கண்ணை மூடுவது, எந்தக் கண்ணால் பார்ப்பது என்று தெரிவதற்குள் பாதி நேரம் போய்விடும். "தெரிகிறதா?" என்று ஆசிரியர் கேட்பார். பின்னால் வரிசை நிற்கிறது. "தெரிகிறது, சார்!" என்று சொல்லிவிட்டு மாணவன் நகர்ந்துவிடுவான்.

உண்மையில் அவன் பார்த்தது என்ன? வெங்காயத்தின் செல்லா? அல்லது தன்னுடைய கண் இமை மயிரா? அது ஆசிரியருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது!

பரீட்சையில் செல்லின் படத்தை அழகாக வரைவான். மதிப்பெண்ணும் வாங்குவான். ஆனால், செல்லைப் பார்த்திருக்கமாட்டான்.

இந்தக் குறையைத்தான் காகித மைக்ராஸ்கோப் தீர்க்க வந்தது.

ஜவுளி வியாபாரி கண்ட அதிசயம்

350 ஆண்டுகளுக்கு முன்பு, கண்ணுக்குத் தெரியாத உலகத்தை மனிதனுக்குக் காட்டியவர் பெரிய படிப்பாளி அல்ல. அவர் ஒரு ஜவுளி வியாபாரி!

அவர் பெயர் லேவன்ஹூக். ஹாலந்து நாட்டில் டெல்ப்ட் என்ற ஊரில், 1632-ம் ஆண்டில் பிறந்தார். கல்லூரிக்குப் போனது இல்லை. டச்சு மொழி ஒன்றுதான் அவருக்குத் தெரியும்.

அவர் சின்னஞ்சிறு கண்ணாடி வில்லைகளைத் தாமே செய்தார். ஒரு சிறிய உலோகத் தகட்டில் ஒரு வில்லையைப் பதித்து, கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். அதுதான் அவருடைய மைக்ராஸ்கோப். அது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

ஏரித் தண்ணீரில் ஒரு துளியை எடுத்துப் பார்த்தார். அதற்குள் ஏராளமான சிறு பிராணிகள் நீந்தின! தம் பல் இடுக்கில் இருந்த அழுக்கை எடுத்துப் பார்த்தார். அதிலும் உயிர்கள் நெளிந்தன!

கண்டதையெல்லாம் லண்டனில் உள்ள ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானச் சங்கத்துக்குக் கடிதங்களாக எழுதினார். முதலில் நம்பத் தயங்கிய அறிஞர்கள், பிறகு தாங்களும் பார்த்து நம்பினார்கள். 1698-ம் ஆண்டில் ரஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டரே அவரைச் சந்தித்தார். லேவன்ஹூக் 90 வயது வரை வாழ்ந்தார்.

சாதாரண வியாபாரியினால் இது எப்படி முடிந்தது? கருவி அவர் கையில் இருந்தது. எதை வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். "நேரம் முடிந்தது, நகரு" என்று யாரும் சொல்லவில்லை.

மீரட்டில் பிறந்தவர்

மனு பிரகாஷ், உத்தரப்பிரதேசத்தில் உள்ள மீரட் நகரில் பிறந்தவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துப் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்கா சென்று, மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அதன் பிறகு ஸ்டான்போர்டில் பேராசிரியர் ஆனார்.

ஏழை நாடுகளின் மூலைமுடுக்குகளிலும் நோயைக் கண்டுபிடிக்க மலிவான கருவி வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பெரிய மைக்ராஸ்கோப் கனமானது. விலை அதிகம். பழுதானால் சரி செய்ய ஆள் கிடைக்காது. அப்படியானால், அச்சகத்தில் புத்தகம் அச்சடிப்பதைப் போல, மைக்ராஸ்கோப்பையும் காகிதத்தில் அச்சடித்தால் என்ன?

அப்படிப் பிறந்ததுதான் போல்டுஸ்கோப்.

2014-ம் ஆண்டில், பத்தாயிரம் மைக்ராஸ்கோப்புகளை உலகம் முழுவதும் கொடுக்கும் திட்டத்தை அவர் தொடங்கினார். கேட்டு எழுதியவர்களில் மாணவர்களும் ஆசிரியர்களும் ஏராளம். பிறகு எண்ணிக்கை பெருகி, 10 லட்சத்தையும் தாண்டியது. 2015-ம் ஆண்டில் இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அவருடைய ஆராய்ச்சிக்கூடத்துடன் சேர்ந்து, நம் நாட்டு மாணவர்களுக்கு இதைக் கொண்டுசெல்லும் வேலையில் இறங்கியது.

2016-ம் ஆண்டில் அமெரிக்காவின் புகழ் பெற்ற மெக்ஆர்தர் விருது மனு பிரகாஷுக்குக் கிடைத்தது.

கடுகளவு கண்ணாடி

இது எப்படி வேலை செய்கிறது?

எளிதில் கிழியாத, தண்ணீர் பட்டாலும் நனையாத ஒருவகைத் தாள். அதில் பாகங்கள் அச்சடிக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பிரித்து எடுத்து, கோடு போட்ட இடத்தில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருக வேண்டும். பழகியவர்களுக்குப் பத்து நிமிடம் போதும்.

இதன் உயிர், நடுவில் இருக்கும் சிறிய கண்ணாடி வில்லைதான். கடுகைவிடச் சற்றுப் பெரிதான, 2.4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு கண்ணாடி உருண்டை, பொருளை 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும்!

உருண்டை சிறியதாக ஆக, அதன் வளைவு அதிகம். வளைவு அதிகமானால் ஒளி அதிகமாக மடங்கும். ஆகவே பொருளும் அதிகமாகப் பெருத்துத் தெரியும். பெரிய கண்ணாடிதான் பெரிதாகக் காட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

பார்க்க வேண்டிய பொருளைக் கண்ணாடித் துண்டில் வைத்துச் செருக வேண்டும். கண்ணுக்கு அருகில் பிடித்து, விளக்கின் பக்கம் திரும்ப வேண்டும். இரண்டு கட்டை விரல்களாலும் தாளை மெதுவாக நகர்த்தினால், படம் தெளிவாக வந்து நிற்கும்.

தலைமுடி விரல் அகலம்!

140 மடங்கு என்றால் எவ்வளவு?

தலைமுடியின் பருமன் சுமார் 0.07 மில்லிமீட்டர். இதை 140 மடங்கு பெருக்கினால் சுமார் ஒரு சென்டிமீட்டர். அதாவது, ஒரு முடி சுண்டுவிரல் அகலத்துக்குத் தெரியும்!

கால் மில்லிமீட்டர் நீளமுள்ள வெங்காயச் செல், மூன்றரைச் சென்டிமீட்டர் நீளமாகத் தெரியும். செம்பருத்திப் பூவின் மகரந்தத் தூள், முள் நிறைந்த பந்து போல் தோன்றும். அந்த முள் எதற்கு? பூவுக்கு வரும் பூச்சியின் உடம்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போவதற்கு உதவியாக!

செல்லா? காற்றுக் குமிழியா?

ஒவ்வொருவர் கையிலும் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தால் பாடம் எப்படி மாறுகிறது?

வெங்காயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உள் பக்கத்தில் இருக்கும் மெல்லிய தோலை உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு வைக்கவேண்டும். ஒரு மாணவி செங்கல் சுவரைப் போல அடுக்கடுக்கான கட்டங்களைப் பார்ப்பாள். பக்கத்தில் இருப்பவன், "எனக்கு வட்டமாகத் தெரிகிறது. கறுப்பாகக் கரை போட்டிருக்கிறது. இதுதான் செல்" என்பான்.

இரண்டில் எது சரி?

முன்பு என்றால், ஆசிரியர் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டிவிடுவார். விஷயம் அத்துடன் முடிந்துவிடும். இப்போது அவர் பதில் சொல்லத் தேவையில்லை. "மேல் மூடியை லேசாக அழுத்திப் பார்" என்றால் போதும். வட்டம் நகர்ந்து ஓடும். சுவர் நகராது. வட்டமாக இருந்தது செல் அல்ல, தண்ணீரில் அகப்பட்ட காற்றுக் குமிழி!

இதை அந்த மாணவன் எளிதில் மறக்கமாட்டான். சந்தேகப்படுவது, சோதித்துப் பார்ப்பது, தவறு என்றால் திருத்திக்கொள்வது — விஞ்ஞானி செய்வதும் இதைத்தான்.

வீட்டுக்கும் கொண்டுபோகலாம். கொஞ்சம் வைக்கோலைக் குளத்துத் தண்ணீரில் ஊறப் போட்டுத் தினமும் ஒரு துளி எடுத்துப் பார்க்கலாம். நாளாக ஆக, உயிர்கள் பெருகுவது தெரியும். செருப்பு வடிவத்தில் "பாரமீசியம்" என்ற சிற்றுயிர் ஓடித் திரிவதைக் காணலாம். இன்று எத்தனை, நாளை எத்தனை என்று எண்ணி எழுதினால், அதுவே ஓர் ஆராய்ச்சி.

செல்போனும் சேர்ந்தது

சிறிய காந்தத்தின் உதவியால் இந்த மைக்ராஸ்கோப்பைச் செல்போன் காமிராவுடன் ஒட்ட வைக்கலாம். ஒருவர் மட்டும் பார்த்த காட்சியை, இப்போது வகுப்பு முழுவதும் திரையில் பார்க்கலாம். படமும் எடுக்கலாம்.

இதனால் ஆசிரியருக்கு ஒரு பெரிய லாபம். மாணவன் எதைப் பார்க்கிறான் என்பது அவருக்கும் தெரிந்துவிடுகிறது. "தெரிகிறது, சார்" என்ற பொய்க்கு இடம் இல்லை!

விளையாட்டுச் சாமானில் வைத்தியக் கருவி

மனு பிரகாஷின் குழு காகிதத்தால் இன்னொரு கருவியும் செய்தது.

பொத்தானில் நூலைக் கோத்து, இரு கையாலும் இழுத்து இழுத்து விட்டு, "விர்ர்" என்று சுற்ற வைப்பது பிள்ளைகளின் விளையாட்டு. அதே முறையில் ஒரு காகிதத் தட்டைச் சுற்ற வைத்தார்கள். அது நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை சுழன்றது! ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பிரிக்க மின்சார இயந்திரம் வைத்திருக்கிறார்கள். இந்தக் காகிதத் தட்டு, மின்சாரமே இல்லாமல் ஒன்றரை நிமிடத்தில் ரத்தத்தைப் பிரித்தது. 2017-ம் ஆண்டில் இதை வெளியிட்டார்கள். இதற்கு ஆன செலவு 20 சென்ட்.

விளையாட்டுச் சாமானுக்குள்ளும் விஞ்ஞானம் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

குறையும் உண்டு

காகித மைக்ராஸ்கோப் எல்லாவற்றையும் காட்டிவிடாது. பள்ளிகளுக்குக் கொடுக்கும் வகையில், ஒரு மில்லிமீட்டரில் 500-ல் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்கலாம். பாக்டீரியாக்களில் பல அதைவிடச் சிறியவை. அவற்றைத் தெளிவாகப் பார்க்க, பெரிய மைக்ராஸ்கோப்தான் வேண்டும். கை நடுங்கினால் படமும் நடுங்கும். முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று சொல்ல முடியாது. பழக்கம் வேண்டும்.

பெட்டி, கண்ணாடித் துண்டு முதலிய சாமான்களுடன் தனியாக வாங்கினால், விலையும் கூடும்.

இன்னொரு விஷயம். புதுக் கருவி என்றால் முதல் நாள் உற்சாகம் இருக்கும். பத்தாம் நாள் அது மேஜை டிராயருக்குள் போய்விடும். அப்படிப் போகாமல் இருக்கவேண்டுமானால், தேடிப் பார்க்க ஒரு கேள்வி வேண்டும். அதை எழுப்புவது ஆசிரியரின் வேலை. எந்தக் கருவியும் நல்ல ஆசிரியருக்கு ஈடாகாது.

பெற்றோர் கவனத்துக்கு

மைக்ராஸ்கோப் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது. கண் கெட்டுவிடும். விளக்கு வெளிச்சம் போதும்.

குளத்துத் தண்ணீரைத் தொட்டால், சோப்புப் போட்டுக் கையைக் கழுவவேண்டும்.

பிளேடால் நறுக்க வேண்டியிருந்தால், பெரியவர்கள் நறுக்கிக் கொடுக்கவேண்டும்.

எதையாவது பார்த்துவிட்டு, "எனக்கு இந்த நோய்" என்று முடிவு செய்யக் கூடாது. அது டாக்டரின் வேலை.

பையன் தெருக்குட்டையில் தண்ணீர் எடுத்து வந்தால், "ஏன்டா அழுக்கைக் கொண்டுவருகிறாய்?" என்று உடனே கோபிக்க வேண்டாம். "என்ன தெரிகிறது, எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். அவன் காட்டுவான். டெல்ப்ட் ஊர் ஜவுளி வியாபாரி அன்று கண்ட அதே அதிசயத்தை, நீங்களும் காண்பீர்கள்!