மரத்தடியில் நிற்கிறாரே, அவர் யார் தெரியுமா?

அமெரிக்காவில் ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கான கோல்ஃப் போட்டி. மரத்தடியில் கல்லூரித் தொப்பி போட்ட ஒருவர் நிற்கிறார். கைதட்டவில்லை, யாரோடும் பேசவில்லை. அவர்தான் கல்லூரி அணியின் கோச்! கோல்ஃப் மட்டையைப் பிடித்துக்கொண்டே கல்லூரி வாசலை எட்டுவதில் எத்தனை எத்தனை ஆச்சரியங்கள்!

● அவர் ஏன் பேசவில்லை தெரியுமா? கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் விதி! பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15 வரை, முதல்நிலைப் பிரிவான டிவிஷன் ஒன் கோச்சுகள் சேர்க்கை பற்றி மாணவரிடம் வாயே திறக்கக் கூடாது. ஆட்டத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான். அந்தத் தேதி பிறந்ததும் போன், குறுஞ்செய்தி என்ற கதவுகள் திறக்கின்றன! ஆனால் மாணவர் அதற்கு முன்பே கோச்சுக்கு எழுதலாம். ஸ்கோர்கள், போட்டி அட்டவணை, ஸ்விங் வீடியோ, பள்ளி மதிப்பெண் எல்லாம் அதில் இருக்கட்டும்.

● கோல்ஃபில் குறைவாக அடிப்பவரே வெல்வார். ஆனாலும் 75 அடித்தவரைவிட 78 அடித்தவர் மேல் என்றால் நம்புவீர்களா? ஒவ்வொரு மைதானத்துக்கும் அதன் கடினத்தைச் சொல்லும் ‘கோர்ஸ் ரேட்டிங்’ உண்டு. ரேட்டிங் 70 உள்ள இடத்தில் 75 அடித்தால் 5 அதிகம். ரேட்டிங் 75 உள்ள இடத்தில் 78 அடித்தால் 3தான் அதிகம்! பழகிய சொந்த மைதானத்து ஸ்கோரைவிட, வெளியூரில் இரண்டு மூன்று நாள் நடக்கும் போட்டியின் ஸ்கோருக்கே மவுசு.

● ஐந்து பேர் ஆடினால் நான்கு பேர் கணக்குதான் சேரும், தெரியுமா? கல்லூரிப் போட்டிகளில் அதுதான் வழக்கம். 70, 72, 73, 74, 86 என்று அடித்தால் அந்த 86 கழிந்துபோகும்; அணியின் கணக்கு 289! அதனால்தான் ஒருநாள் 68, மறுநாள் 84 அடிப்பவரைவிட, தினமும் 74 அடிப்பவரை கோச்சுகள் தேடுகிறார்கள்.

● பெரிய அணியில் இடம் கிடைத்தால் எல்லாப் போட்டியிலும் ஆடலாமா? 2025-26 முதல், அணியின் அளவுக்கு வரம்பு வைக்கும் புதிய முறையை ஏற்ற கல்லூரிகளில் அணிக்கு 9 பேர்தான் உச்சவரம்பு. அதிலும் போட்டியில் அணிக்காக ஆடுவது ஐந்து பேர்! எனவே “இந்த அணியில் நான் ஆடுவேனா?” என்று கேட்டுப் பார்த்தே கல்லூரியைத் தேட வேண்டும்.

● விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே தராத புகழ்பெற்ற கல்லூரிகள் உண்டு தெரியுமா? ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக்கும், மூன்றாம் நிலைப் பிரிவான டிவிஷன் த்ரீ கல்லூரிகளும் அப்படித்தான். குடும்ப வருமானம் பார்த்து உதவி தரும் கல்லூரிகள் அவற்றில் உண்டு.

● மட்டை மட்டும் போதுமா? போதவே போதாது! டிவிஷன் ஒன்னில் ஆட 16 முக்கியப் பாடங்களை முடித்து, அவற்றில் குறைந்தது 2.3 சராசரி எடுத்தாக வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே கணக்கு தொடங்கிவிடுகிறது!

● கல்லூரி முடிந்ததும் தொழில்முறை வீரர்களின் பிஜிஏ டூர்! 2023-ல் டெக்சாஸ் டெக் மாணவர் லுட்விக் ஓபர்க், கல்லூரித் தரவரிசையில் முதலிடம் பிடித்து நேராக அங்கே போனார்!

அதோ, ஒரு பையனின் பந்து தண்ணீரில் விழுகிறது. மட்டையை வீசி எறியவில்லை. துடைத்துப் பையில் வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறான். மரத்தடியில் நிற்பவர் குறிப்பேட்டைத் திறக்கிறார்!